விழுந்தவருக்கு வெட்கம் எதற்கு?



சைக்கிளிலிருந்து கீழே விழுந்தவர் முதலில் என்ன செய்கிறார்? காயத்தைப் பார்ப்பதில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்க்கிறார். பிறகு சைக்கிளைத் தூக்கி, முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகி நேராக்குகிறார். கழன்ற செயினை மாட்டுகிறார். ஓடி வருகிறவரிடம் "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று சொல்லி ஏறிப் போய்விடுகிறார். முழங்கையிலே இரத்தம் வடிவது வீட்டு வாசலில்தான் தெரிகிறது. வலிக்கு முன்னால் வெட்கம் வந்து நின்றுகொள்கிறது. அந்த வெட்கத்துக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டுமா?

தாமிரபரணிக் கரையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு எங்கெங்கே விழலாம் என்று தெரியும். மாசி, பங்குனியில் பிசான அறுவடை முடிந்ததும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துச் சாலைகளில் வைக்கோல் கிடக்கும். அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், சைக்கிள் நிற்காது. வாய்க்கால் கரைப் பாதைகளின் வளைவுகளில் மணல் சேர்ந்திருக்கும். ரயில் கேட்டில் தண்டவாளத்தை நேராகக் கடக்காமல் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும். அவசரத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார்.

இவ்வளவும் மண்ணும் இரும்பும் வேகமும் சேர்ந்து செய்கிற காரியம். ஆனாலும் கூடி நிற்கிறவர்களில் ஒருவர் "என்ன பாவம் செஞ்சாரோ" என்று சொல்லாமல் இருப்பதில்லை. அதே வளைவில் அன்று விழாமல் போன மற்றவர்கள் எல்லாரும் புண்ணியம் செய்தவர்களா? அந்த மணலைக் காலால் ஒதுக்கிவிட்டிருந்தாலாவது அடுத்து வருகிறவர் தப்பியிருப்பார்.

வெட்கம் மனதோடு நின்றுவிட்டால் பெரிதில்லை. அது காயத்தை மூடி மறைக்கச் சொல்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை விழுந்தால், "ஏலே, ரோட்டப் பாத்து ஓட்ட மாட்டியா?" என்பதுதான் வீட்டில் முதல் கேள்வி. எங்கே அடி என்பது அதற்குப் பிறகு. இது பிள்ளைக்குத் தெரியும். அதனால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு இரண்டு நாள் திரியும். அதற்குள் சாலைப்பொடி உள்ளே இருந்து புண் சீழ் பிடித்துவிடும். அன்றே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவியிருந்தால் சாதாரணச் சிராய்ப்பு ஒன்றிரண்டு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து ஆறியிருக்கும். மண்ணில் இசிவு நோய்க் கிருமி உண்டு. ஆகவே தடுப்பூசி போட வேண்டுமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கையை ஊன்றி விழுந்தவருக்குப் பெருவிரலின் அடியில் மணிக்கட்டு வலி விடாமல் இருந்தால், சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. சிறு எலும்பு முறிந்திருக்கலாம், முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். சர்க்கரை உள்ளவர்கள் சிறு கீறலையும் மறைக்கக் கூடாது.

பதியில் தரும் மண்ணைப் புண்ணில் இடலாமா என்று தாய்மார் சிலர் கேட்பதுண்டு. அய்யா தண்ணீரும் மண்ணும் கொண்டு பிணி தீர்த்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு நாமத்தை நெற்றியில் இட்டுக்கொள்ளட்டும். திறந்த புண்ணுக்குச் சுத்தமான தண்ணீரும் மருந்தும்தான் வேண்டும். அதனால் பக்தியில் ஒரு குறைவும் வந்துவிடாது.

வெட்கத்தையே மானம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்கள் தலைப்பாகை கட்டக் கூடாது என்றிருந்த காலத்தில், தலைப்பாகை கட்டி நின்று வணங்கும்படி ஆண்களுக்கு அய்யா வைகுண்டர் சொன்னார். இன்றும் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் அப்படியே நடக்கிறது. ஒருவனைத் தாழ்ந்தவன் என்று பிறர் சொல்லும்போது நிமிர்ந்து நிற்கிறானே, அது மானம். மணலில் சக்கரம் வழுக்கியதை நாலு பேர் பார்த்ததில் யாருடைய மானமும் போகவில்லை. பார்த்துச் சிரிக்கிறவர் இருந்தால் அந்தக் குறை சிரிக்கிறவருடையது.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் இதை ஊரறியச் செய்து காட்டினார்கள். 1991ஆம் ஆண்டை ஒட்டி அங்கே அறிவொளி இயக்கம் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். கூலி வேலைக்கும் குவாரி வேலைக்கும் போகிற பெண்கள், ஆசிரியைகள் என்று பல்லாயிரம் பேர் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். சைக்கிளை வீட்டுக்குள் ஒளிந்திருந்து பழக முடியாது. விழாமலும் பழக முடியாது. சேலை கட்டிய பெண் நாலு பேர் பார்க்க, கேலிப் பேச்சும் காதில் விழ, கீழே விழுந்து எழுந்திருக்க வேண்டும். அவர்கள் எழுந்தார்கள், மறுபடி ஏறினார்கள், பழகியவர்கள் மற்றவர்களுக்கும் பழக்கினார்கள். தண்ணீர் எடுக்கவும் விளைந்ததை விற்கவும் பேருந்துக்குக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமாயிற்று. விழுவதற்கு வெட்கப்பட்டிருந்தால் அந்த நேரம் ஒருநாளும் அவர்கள் கைக்கு வந்திராது.

விழுந்தவரைத் தூக்குவதற்கும் சிலர் தயங்குகிறார்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வரும் என்ற பயம். மோட்டார் வாகனம் மோதிய விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்கு வராது, அவர் பெயர் சொல்லவும் கட்டாயம் இல்லை என்று 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. தானாகச் சறுக்கி விழுந்தவரைத் தூக்க அந்தப் பயத்துக்குக்கூட இடமில்லை. தூக்கும்போது "பாத்து வரக் கூடாதா" என்று கேட்காமல் தண்ணீர் கொடுத்தால் போதும்.

வயதானவர் விழுந்துவிட்டால் வீட்டில் அன்றைக்கே சைக்கிளைப் பூட்டிவிடுகிறார்கள். "இந்த வயசுல என்னத்துக்குத் தாத்தா?" என்று பேரன்கூடச் சொல்வான். அவரும் வெட்கத்தில் சரி என்றுவிடுவார். வயலுக்கும் கடைக்கும் பதிக்கும் தாமாகப் போய்வந்த மனிதர் அதற்குப் பிறகு யாராவது கூட்டிப் போகட்டும் என்று திண்ணையில் காத்திருப்பார். புண் ஆறும்வரை சாவி ஆணியில் தொங்கட்டும். ஆறிய பிறகு, கண்ணும் முட்டியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவரையே கேட்க வேண்டும். ஓட்டுவேன் என்றால் கால் தரையில் ஊன்றும்படி சீட்டை இறக்கி, பிரேக் கட்டையை மாற்றி, ரயில் கேட்டு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள் என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுக்கலாம்.