பசித்தவரிடம் வேலை கேட்கலாமா?

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்கு, அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த கம்பம் பள்ளத்தாக்கும் தப்பவில்லை. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் திட்டம் அதற்கு முன்பே அரசின் மேசையில் இருந்தது. பஞ்சம் வந்ததும் அதைத் தள்ளிவைத்தார்கள்.

சோறு கேட்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது நிவாரண வேலை. உடம்பில் தெம்பிருந்தால் மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். வெறுமனே கஞ்சி ஊற்றினால் சோம்பல் வளரும் என்றது அரசு. இதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. பிச்சையாக வாங்குவதைவிட உழைத்து வாங்குவதை மானமாகக் கருதியவர்கள் ஏராளம். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியதும் பஞ்சக் கூலிகள்தான்.

ஆனால் கூலியைப் பாருங்கள். 1877-இல் பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. நாள் முழுக்க வெயிலில் உழைப்பவருக்கு ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பிறகு அரசு ஓரளவு இறங்கிவந்தது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போயிருந்தன. வேலை கேட்டது குற்றமில்லை. மறுக்க வழியற்றவரிடம் பேரம் பேசியதே குற்றம். பட்டினி கிடப்பவர் ஒப்புக்கொண்டார் என்பது எந்தக் கூலியையும் நியாயமாக்காது.

தள்ளிவைத்த பெரியாற்று அணைத் திட்டம் 1887-இல் பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் தொடங்கி 1895-இல் முடிந்தது. காட்டிலும் மழையிலும் மலேரியாவுக்கும் காலராவுக்கும் தொழிலாளர்கள் பலியானார்கள். இன்று பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிறது. லோயர் கேம்பில் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது, ஜனவரி 15-இல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றி நியாயமானது. அணை கட்டிய கூலியாட்களின் பெயர்களோ ஊர் நினைவில் தங்கவில்லை. பேரன் வயலில் பாயும் தண்ணீர், பாட்டனுக்குக் குறைத்துக் கொடுத்த கூலிக்கு ஈடாகுமா? ஆகாது. பலன் ஒருவருக்கு, பாடு இன்னொருவருக்கு.

2005-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த நூறு நாள் வேலை, பசித்தவரிடம் பேரம் பேசும் இந்தக் கணக்கை மாற்றிப் போட்டது. வேலையை அது உரிமையாக்கியது. ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை, வேலையிடத்தில் நிழல், குடிநீர், பதினைந்து நாளுக்குள் கூலி, தவறினால் இழப்பீடு என்று எழுதியும் வைத்தது. அப்படி எழுதியிருந்தும், 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அந்தக் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. வேலை முடிந்திருந்தது. வேலை பார்த்தவர்கள் கடைக்காரரிடம் கடன் சொல்லி அரிசி வாங்க வேண்டியிருந்தது.