விரிந்த கை

(உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றில் மார்கழி மாதம் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை என் பேத்தியை அழைத்துக்கொண்டு உத்திரமேரூர் சுந்தரவரதப் பெருமாளைச் சேவிக்கப் போனேன். அவளுக்கு ஐந்து வயசு. கோயில் உங்களுக்குத் தெரிந்ததுதான். பல்லவர் காலத்தது, மூன்று அடுக்கு விமானம். கீழே பெருமாள் நின்ற கோலம். படியேறினால் வீற்றிருந்த கோலம். இன்னும் ஏறினால் கிடந்த கோலம். மேல் தளத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவள் கேட்டாள்: "தாத்தா, சாமிக்கும் படியேறிக் கால் வலிச்சிடுச்சா? அதான் நடுவுல உட்கார்ந்துட்டு, இங்க வந்து படுத்துட்டாரா?"

சிரித்துவிட்டேன். இறங்கும்போதுதான் சுருக்கென்றது. எத்தனையோ வருஷமாக அந்தப் படிகளை ஏறுகிறேன். பையனுக்கு வேலை, பெண்ணுக்கு வரன், என் முழங்கால் வலி என்று ஏதாவது ஒரு விண்ணப்பம் கையில் இருக்கும். கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். அவருக்குக் கால் வலிக்குமே என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பெருமாளுக்கே கண்ணேறு பட்டுவிடுமோ என்று பதறிப் பல்லாண்டு பாடினார் பெரியாழ்வார். அந்தப் பதற்றம் குழந்தைக்குத் தானாக வருகிறது. ஏனென்றால் அவள் எதையும் கேட்கப் போகவில்லை. பார்க்கப் போனாள்.

குழந்தையின் இந்த அருமை நம் ஊருக்கு என்றைக்கோ தெரியும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. ஊருக்கு 30 குடும்பு, அதாவது வார்டு. ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்ற நிர்வாகக் குழுக்களுக்கு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறையில்தான் ஆள் எடுப்பார்கள். நிற்பவருக்கு நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது. இத்தனை விதி எழுதிய சபையார், குடத்துக்குள் கைவிட யாரை அழைத்தார்கள்? உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை! யார் ஜெயித்தால் அவனுக்கென்ன? குடத்துக்குள் கைவிடுவதே அவனுக்குச் சந்தோஷம்.

இன்னொன்றும் அந்தக் கல்லில் இருக்கிறது. எடுத்த ஓலையை மத்தியஸ்தர் வாங்கும்போது, ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். மூடிய கையில் ஓலை மாறிவிடலாம் அல்லவா? சந்தோஷமும் அப்படித்தான், ஐயா. இதுதான் வேண்டும் என்று இறுக மூடிய கையில் அது எப்படி வந்து உட்காரும்?

குழந்தையின் கை எப்போதும் விரிந்தே இருக்கிறது. ஒரு கூழாங்கல், ஒரு மயிலிறகு, வயல் வரப்பில் ஒரு நண்டு வளை, எது கிடைத்தாலும் அதற்கு அன்றைய பொழுது நிறைந்துவிடும்.

அம்மா, நாளைக் காலை நீங்கள் வாசலில் கோலம் போடும்போது, "இந்த எறும்பு எங்கே போகுது?" என்று உங்கள் குழந்தை கேட்கும். "வேலையைப் பாரு" என்று சொல்லிவிடாதீர்கள். கோலமாவைக் கீழே வைத்துவிட்டு, அது போகும் இடம் வரை நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள்.