தட்டிலும் நீதி வேண்டும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.



மனிதன் தன் உணவைக் கவனித்துப் பார்க்கட்டும் என்று அபஸ அத்தியாயத்தில் (80:24) அல்லாஹ் கட்டளையிடுகிறான். தொடர்ந்து மழை, பூமி, தானியம், திராட்சை, காய்கறி, ஒலிவம், பேரீச்சை, கனிகள் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறான். நாமோ தட்டைப் பார்ப்பதே இல்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடிக்கிறோம். இன்று கொஞ்சம் தட்டைப் பார்ப்போம்.

நோன்புக் கஞ்சி சொல்லும் பாடம்

ரமலான் வந்தால் நம் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள பள்ளிவாசல்களில் அஸருக்கு முன்பே கஞ்சி தயாராகிவிடும். பாலக்கரையிலும் தென்னூரிலும் சிறுவர்கள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். அந்தக் கஞ்சியில் என்ன இருக்கிறது? பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால். வசதி இருந்தால் கொஞ்சம் கொத்துக்கறி.

அரிசியின் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் மெத்தியோனின் என்ற சத்து குறைவு. அதை அரிசி ஈடுகட்டுகிறது. தனித்தனியே குறையுள்ள இரண்டு பொருள்கள் சேரும்போது உடலுக்கு முழுமையான புரதம் கிடைக்கிறது. நம் முன்னோர் ஆய்வுக்கூடத்தில் இதைப் படிக்கவில்லை. ஆனால் நோன்பாளியின் உடலுக்கு எது தெம்பு தரும் என்று அறிந்திருந்தார்கள்.

நபிவழியில் சேர்த்து உண்பது

நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம் செங்காயை வெள்ளரிக்காயோடு சேர்த்து உண்டதைத் தாம் பார்த்ததாக அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒன்றின் சூட்டை மற்றொன்றின் குளிர்ச்சி தணிக்கும் என்ற கருத்தில், பேரீச்சையோடு முலாம்பழ வகைக் கனியையும் சேர்த்து உண்டதாக ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது.

அதே ஆயிஷா (ரலி) அவர்கள் தம் தாயைப் பற்றியும் ஒரு செய்தி சொல்கிறார்கள். மகளின் உடல் தேற வேண்டும் என்று அந்தத் தாய் எதையெதையோ கொடுத்துப் பார்த்தார். பலனில்லை. கடைசியில் வெள்ளரிக்காயையும் பேரீச்சம் செங்காயையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் உடல் நன்றாகத் தேறியது (அபூதாவூத், இப்னுமாஜா). ஒரு பெண் பிள்ளையின் உடலுக்காக ஒரு தாய் எடுத்துக்கொண்ட அக்கறை, மார்க்க நூல்களில் பதிவாகி நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இது உலக ஆசை இல்லையா?

ஒரு கேள்வி எழலாம். பசி அடங்கினால் போதாதா? எதை எதோடு சேர்ப்பது என்று கணக்குப் பார்ப்பது நஃப்ஸின் வேலை இல்லையா?

நபி (ஸல்) அவர்களின் வீட்டில் மாதக்கணக்கில் அடுப்பு எரியாத காலம் இருந்தது. பேரீச்சையும் தண்ணீரும்தான் உணவு. அதே வீட்டில்தான் பேரீச்சையோடு வெள்ளரியும் சேர்ந்தது. எளிமைக்கும் இந்தச் சேர்க்கைக்கும் பகை இல்லை. உண்ணுங்கள், பருகுங்கள், வீண் விரயம் செய்யாதீர்கள் என்பதே அல்அஃராஃப் அத்தியாயத்தின் (7:31) கட்டளை. வலீமாவில் ஐந்து வகைக் கறி வைத்துப் பாதியைக் குப்பையில் கொட்டுவது விரயம். சோற்றோடு பருப்பும் கீரையும் வைப்பது விரயமாகுமா?

இன்னொன்றையும் சிந்தியுங்கள். ஒருவர் தம் பங்கைக் குறைத்துக்கொண்டால் அது பேணுதல். தம் பொறுப்பில் உள்ளவரின் பங்கைக் குறைத்தால் அது அநீதி. தாம் உணவளிக்க வேண்டியவர்களைக் கைவிடுவதே ஒரு மனிதனுக்குப் பாவமாகப் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (அபூதாவூத்).

நம் வீடுகளில் நடப்பது என்ன?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அத்தாவுக்கும் மகனுக்கும் கறி போகும். அம்மாவுக்கும் மகளுக்கும் சோறும், சட்டியில் மிஞ்சிய ஆணமும். முடித்த கையோடு ஒரு டீ.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்காது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றைச் சேர்த்தால் அதிகம் ஏற்கும். ஒரு துண்டு கறி சேர்ந்தாலும் அப்படித்தான். சாப்பாட்டோடு குடிக்கும் டீயோ அதைத் தடுக்கும். ஆக, அந்தக் கறித்துண்டு யாருக்கு மிகவும் தேவையோ, அவருடைய தட்டுக்குத்தான் போய்ச் சேருவதில்லை.

நாங்கள் சாப்பிடுகிறோம், வயிறு நிறைவதில்லை என்று முறையிட்ட தோழர்களிடம், தனித்தனியாக உண்கிறீர்களோ என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒன்றுகூடி, அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்டால் பரக்கத் உண்டு என்றார்கள் (அபூதாவூத்). உணவைச் சேர்ப்பது பாதி. உண்பவர்களைச் சேர்ப்பது மீதி.

சகோதரர்களே! நாளை தென்னூர் உழவர் சந்தைக்குப் போனால் முருங்கைக்கீரையோடு நாலு எலுமிச்சையும் வாங்குங்கள். ஒரு வேளையாவது மனைவி, மகளோடு ஒரே விரிப்பில் உட்காருங்கள். கறித்துண்டை முதலில் அவர்கள் தட்டில் வையுங்கள். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். வீட்டுப் பெண்கள் சோர்வு, மூச்சுவாங்கல் என்று சொன்னால் அலட்சியம் செய்யாமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தசோகை முற்றியிருந்தால் உணவு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

அருட்கொடைகளைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவோம் என்று அத்தகாஸுர் அத்தியாயம் (102:8) எச்சரிக்கிறது. நம் தட்டைப் பற்றியும், நம் வீட்டாரின் தட்டைப் பற்றியும் அந்த விசாரணை இருக்கும்.

வல்ல ரஹ்மான் நம் உணவில் பரக்கத்தையும், அதைப் பங்கிடுவதில் நீதியையும், நம் குடும்பத்தாருக்கு ஆஃபியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.