ஆளறிந்து பேசுதல்

'ஆளறிந்து பேசு' என்பது உலகியல் தெரிந்தோர் யாவரும் கூறும் அறிவுரை. திருக்குறளில் குறிப்பறிதலுக்கும் அவையறிதலுக்கும் தனித்தனி அதிகாரங்களே உண்டு. இன்றோ, மனிதரைச் சுபாவத்தால் வகை பிரித்து, அமைதியானவரிடம் இப்படிப் பேசு, அவசரக்காரரிடம் அப்படிப் பேசு என்று கற்றுக்கொடுக்கும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. இவற்றை நாம் அடியோடு மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே தீர வேண்டும். கேட்பவனுக்கேற்பப் பேச்சை மாற்றுவது எதற்காக? அவன் உண்மையை அறிய வேண்டும் என்பதற்காகவா? அல்லது அவனை வசப்படுத்துவதற்காகவா?

கண்டி மலைநாட்டின் வரலாறு இக்கேள்விக்குத் தக்க பாடம். ஆளறிந்து பேசுவதில் ஆள்கட்டிய கங்காணியை வென்றவர் எவர்? பஞ்சத்தில் வாடிய தமிழகக் கிராமத்தானின் மனத்தை அவன் நன்கறிந்திருந்தான். யாரிடம் கடனைப் பற்றிப் பேசுவது, யாரிடம் சாதிக் கொடுமையிலிருந்து விடுதலையைப் பற்றிப் பேசுவது என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்த கதையை மலையக மக்களின் வாய்மொழி இன்றும் மறக்கவில்லை. பசித்தவனுக்கு எது இனிக்கும் என்று தெரிந்து பேசிய பேச்சு அது. அந்தச் சாமர்த்தியத்தின் விலையை, கடன் துண்டோடு கட்டுண்டு, தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள்.

வெள்ளைத்துரைமாரும் கேட்பவரின் மொழிக்கு இறங்கி வரத்தான் செய்தார்கள். புதிதாக வந்த சின்னத்துரைமார் தமிழ் பயிலவெனக் கையேடுகள் அச்சாயின. அவற்றுள் ஒன்றின் பெயரே 'இங்கே வா'. இன்னொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. பெயர்களே போதும், விளக்கம் வேண்டியதில்லை. ஒரு மக்களின் மொழியைக் கற்றுக்கொண்ட பின்னரும் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல், 'இங்கே வா' என்று ஏவ முடியும். கேட்பவனுக்குப் பதில் சொல்ல இடமில்லாத பேச்சு, எத்தனை தெளிவாக இருந்தாலும், உரையாடல் ஆகாது.

இதற்கு நேர்மாறாக நின்றவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்த படித்த பிராமணர் அவர். தோட்டத்துள் அயலார் நுழைவது அரிதாயிருந்த காலத்தில், துணி வியாபாரி வேடத்தில் உள்ளே சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்ததாக அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அவர் பத்திரிகைகள் நடத்தினார், நூல்கள் எழுதினார். ஆயினும் எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்கு அச்செழுத்து மட்டும் போதாது என்பதை உணர்ந்தார். ஆகவே அரசியல் பாட்டாயிற்று. அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் மக்கள் அறிந்த மெட்டுக்களில் உரிமைப் பாடல்களைப் பாடினார். 1940-ல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். இங்கும் கேட்பவருக்கேற்பப் பேச்சு மாறியது. ஆனால் மாறியது வடிவம். கூலி உயர்வும் மனித மரியாதையும் என்ற பொருள் மாறவில்லை.

1937-ம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று இதனை மேலும் தெளிவாக்கும். மடுல்கலைக்கு அருகே ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பயில வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர், தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலையிழந்தார். ஏப்ரல் 3-ந் தேதி நாவலப்பிட்டியில் சமசமாஜிகளின் மேடையில் தோட்ட முதலாளிகளை எதிர்த்துப் பேசினார். ஆளுநர் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. அவர் பேச்சுக்கலையில் வல்லவரா என்பது பற்றி எவரும் கவலைப்படவில்லை. பேசியவர் எந்த இடத்திலிருந்து இறங்கி, எந்த இடத்தில் வந்து நின்று பேசினார் என்பதே மக்களுக்குப் புரிந்தது. ஆட்சியாளரை அச்சுறுத்தியதும் அதுவேதான்.

இனி, சுபாவ வகைகளுக்கு வருவோம். ஒருவர் வாயடைத்து நிற்கிறார். உடனே 'அடக்கமான சுபாவம்' என்று முத்திரை குத்துகிறோம். பெரட்டுக்களத்தில் துரைமுன் தலை கவிழ்ந்து நின்றவர், லயத்து வாசலில் காமன்கூத்தின்போது குரலெடுத்துப் பாடினாரே, அவரது சுபாவம் எது? 1948-ன் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 2003 வரை அதன் மிச்சத்தைச் சுமந்த ஒரு சமுதாயத்தின் தயக்கம், பிறவிக்குணம் ஆகுமா? வகுப்பின் கடைசி வாங்கில் பேசாதிருக்கும் பிள்ளையைக் 'கூச்சக்காரன்' என்று ஆசிரியர் எழுதிவிட்டால், கூச்சத்தின் காரணத்தைத் தேடும் கடமையிலிருந்து அவர் தப்பிவிடுகிறார். அச்சத்தைச் சுபாவம் என்று பெயர் மாற்றுவது அநீதிக்குச் செய்யும் உதவியாகும்.

அப்படியானால் மனிதரிடையே இயல்பு வேறுபாடே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஒரே லயத்துக் காம்பிராவில் பிறந்த இரு சகோதரரில் ஒருவன் படபடப்பாகவும் மற்றவன் நிதானமாகவும் இருப்பதை யாரும் காணலாம். நிதானமானவனுக்கு நேரம் கொடுத்துப் பேசுவது அன்பு. அதை வேடமென்று கூறுவது தவறு. வேடத்தையும் அன்பையும் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. ஒருவனிடம் சொன்னதை மற்றவன் கேட்டுக்கொண்டிருந்தாலும் வெட்கமின்றிச் சொல்ல முடியுமா? துரையிடம் ஒன்றும் தொழிலாளியிடம் இன்னொன்றும் சொன்ன கங்காணியின் பேச்சு இந்தச் சோதனையில் தோற்றுவிடும். மீனாட்சி அம்மாளின் பாட்டைத் துரையே நின்று கேட்டிருந்தாலும் அதில் ஒரு சொல் மாறியிராது.

இன்னொன்றும் உண்டு. வளைந்து கொடுக்கும் சுமை எப்போதும் எளியவர் தலையிலேயே விழுகிறது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987-ல் அரசமைப்புத் திருத்தம் சொல்லிவிட்டது. எனினும் சிங்களம் அறியாத ஒரு தோட்டத்துத் தாய், அரசாங்க அலுவலகத்தில் தன் பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொண்டே பேச வேண்டிய நிலை இன்னும் தீரவில்லை. மேசைக்கு அப்பால் இருப்பவர் நான்கு தமிழ் வாக்கியங்கள் கற்கலாம். மேசைக்கு இப்பால் படித்த தமிழர் சிங்கள உழைப்பாளியிடம் அவர் மொழியில் நலம் விசாரிக்கலாம். அதிகாரமும் கல்வியும் உடையவர் முதலில் வளைய வேண்டும் என்பதே நியாயம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். எதிரே நிற்பவர் எந்த வகை மனிதர் என்று கேட்பதற்கு முன், அவரை இவ்வாறு நிற்க வைத்தது எது என்று கேட்போம். அதன்பின் நம் நாவில் வரும் சொல், கற்றுக்கொண்ட தந்திரமாக இராது, தோழமையாக இருக்கும்.