பொதுத் தேநீரும் தனிப் பங்கும்

உலகியலில் மிகச் சிறியனவாகத் தோன்றும் செயல்களிடத்தே அறத்தின் நுட்பம் மறைந்து கிடத்தல் உண்டு. பிறர் பெரும்பொருளைக் கவர்தல் தீவினை என்பதை அறியாதார் இலர். ஒரு குவளைத் தேநீருக்குரிய காசை இடாது விடுதல் தீவினையோ என வினவின், கற்றாரும் நகைத்து ஒழிவர். ஒரு பணியிடத்துத் தொழில் புரிவார் பலர் கூடித் தேநீரும் காப்பியும் பருகி, அச்செலவைத் தம்முள் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இந்நாளில் எங்கும் உள்ளது. அப்பகிர்வு வெறுங் கணக்கோ, அறமோ? அறமாயின், ஒருவனை அதன்கண் நிறுத்துவது யாது? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

கொங்குநாட்டார்க்கு இவ்வாராய்ச்சி அயலதன்று. தேயிலையும் காப்பியும் விளையும் நீலகிரியும் ஆனைமலையும் கோவைக்கு அணித்தே உள்ளன. 1888-ஆம் ஆண்டில் கோவையில் நூற்பாலை எழுந்தது. 1932-ஆம் ஆண்டு முதலாகப் பைகாரா மின்னாற்றல் கிடைத்தபின் ஆலைகள் பல்கின. காட்டிலும் தோட்டத்திலும் அவரவர் வீட்டுக் கஞ்சியும் மோரும் பருகி வந்த மக்கள், ஆலையிலும் வார்ப்படச் சாலையிலும் ஒரு நேரத்தே எழுந்து ஒருங்கு பருகலாயினர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் அமைக்கவும், அதன் நிருவாகத்தில் தொழிலாளர்க்கு இடமளிக்கவும் விதிகள் வகுக்க வழிசெய்தது. திருப்பூர்ப் பனியன் தொழிலின் கூலி உடன்படிக்கைகளில் தேநீர்ப்படியும் பேசப்படும் பொருள்களுள் ஒன்றாயிற்று. சட்டமும் உடன்படிக்கையும் சென்று எட்டாத சிறு பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் இச்செலவு உடன்பணியாற்றுவாரின் நெஞ்சையே பற்றி நிற்கின்றது.

இனி, இப்பகிர்வின் இயல்பு யாதெனப் பார்ப்பாம். நம் முன்னோர் கண்ட தண்ணீர்ப்பந்தல் ஈகையின்பாற்பட்டது. அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் திருப்பெயரால் பந்தல் அமைத்தமை பெரியபுராணம் பயின்றார் அறிவர். ஆண்டு ஈவார் ஒருவர், பருகுவார் பலர், பருகினாரிடத்து எவரும் கணக்குக் கேளார், கேட்பின் அவ்வறம் கெடும். பணியிடத்துப் பொதுத் தேநீரோ அத்தன்மைத்தன்று. ஈண்டு ஒவ்வொருவரும் ஈவாருமாவர், ஏற்பாருமாவர். ஆகலின் இஃது ஈகையன்று. ஒருவர்க்கொருவர் பட்ட கடன். பங்கு இடாது பருகுவான் கடனை ஈகையென மயங்கினவனாவன். அஃதாவது, தன் உடன்பணியாளரை அவர்தம் இசைவின்றியே தனக்குப் புரவலர் ஆக்கினவனாவன்.

அற்றேல், அனைவரும் ஒத்த தொகை இடுதலே நேர்மையாம் எனின், அதனை ஓர்ந்து கொள்ளல் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு முறை பருகுவானும் நான்கு முறை பருகுவானும் ஒப்ப இடுதல் நடுவுநிலைமை ஆகாது. பருகாதவனிடத்துக் காசு பெறுதல் சிறிதும் ஆகாது. இவை எளிதிற் பெறப்படும். அரிதாய பொருள் பிறிதொன்று. திருவீழிமிழலையில் வற்கடம் நேர்ந்தகாலை, அடியாரை அமுது செய்விக்குமாறு இறைவன் அரசர்க்கும் பிள்ளையார்க்கும் நாடோறும் ஒவ்வொரு காசு அருளினன். பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையது. அதனை மாற்றிப் பண்டம் கொள்ளுதற்குக் காலம் நீட்டித்தது. அரசர் பெற்றதோ, அவர் கைத்தொண்டு புரிந்தமையான், வாசியில்லாக் காசு. காண்பதற்கு ஒத்த இரு காசுகள் மதிப்பால் வேறுபடும் என்பதும், வேறுபாடு உடலுழைப்பினின்றும் பிறந்தது என்பதும் இவ்வரலாற்றால் பெறுதும். மேலாளர் இடும் பத்து ரூபாயும், தளம் கூட்டுவார் இடும் பத்து ரூபாயும் பெட்டியினுள் ஒன்றே. இட்டார் கையில் ஒன்றல்ல. ஆதலின் ஊதியத்துக்கேற்பப் பங்கு வகுத்தல் தக்கது. குவளை கழுவுதலும் பால் வாங்கி வருதலும் ஆகிய தொண்டினையும் பங்கின்பால் வைத்து எண்ணுதல் வேண்டும்.

செலவைப் பகிர்வார் குவளையைப் பகிராராயின் அப்பகிர்வு பொய்யாம். கொங்குநாட்டுச் சிற்றூர்த் தேநீர்க்கடைகள் சிலவற்றில் இரட்டைக் குவளை வைத்த கொடுமையை நாடறியும். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-ஆம் ஆண்டிலேயே வந்தும், அவ்வழக்கம் உடனே ஒழிந்திலது. இருவரும் ஒத்த விலை கொடுத்தனர்; ஆயினும் ஒருவனுக்குக் கண்ணாடிக் குவளை, மற்றவனுக்கு வேறு குவளை. உயிர்கள் யாவும் பசு என்னும் ஓரினத்தனவே எனக் கொண்ட சித்தாந்த நூலுணர்ந்தார்க்கு இது சிறிதும் உடன்பாடன்று. பணியிடத்தில் ஒரே தட்டிலிருந்து ஒரே வகைக் குவளையை எவரும் எடுத்துப் பருகுதல் நம் காலத்து நேர்ந்த நன்மைகளுள் ஒன்று. அதனைப் பங்குக்காசின் பூசலாற் கெடுத்துக்கொள்ளுதல் பேதைமை.

அஃதொக்கும், இத்துணைச் சிறு தொகைக்கு இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு எனின், கூறுதும். வினையை அளப்பது தொகையன்று, அதனைச் செய்விக்கும் எண்ணமே. கரந்து விடுவானிடத்து நிற்பது “எனது குறையாதிருக்க” என்னும் எண்ணம். எல்லார்க்கும் தானே கொடுத்து, அதனைப் பலகாலும் சொல்லிக் காட்டுவானிடத்து நிற்பது “யானே தந்தேன்” என்னும் எண்ணம். முன்னவன் காசைப் பற்றினான்; பின்னவன் புகழைப் பற்றினான்; இருவரும் யான் எனது என்னும் செருக்கினின்றும் நீங்கினாரல்லர்.

இனி, இரண்டாம் வினாவுக்கு வருவாம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்து உளவியல் துறையில் ஆசிரியரும் பிறரும் தேநீர், காப்பி, பால் ஆகியவற்றைத் தாமே எடுத்துக்கொண்டு, கண்காணிப்பார் இன்றி ஒரு பெட்டியில் காசு இடுவது வழக்கம். விலை குறித்த தாளின்மேல், ஒரு வாரம் மலர்ப் படமும் மறு வாரம் நேர்நோக்கும் கண்களின் படமுமாகப் பத்து வாரங்கள் மாற்றி மாற்றி ஒட்டினர். செலவான பாலின் அளவோடு ஒப்பிட்டு நோக்க, கண் படம் இருந்த வாரங்களில் ஏறத்தாழ மும்மடங்கு காசு சேர்ந்தது. இம்முடிவு 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பின்னர் வேறிடங்களில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் சிலவற்றில் இவ்விளைவு புலப்படவில்லை என்பதையும் மறைத்தல் தகாது.

வரைந்த கண் யாதொன்றையும் காணாது. கற்றறிந்தார் அதற்கு அஞ்சிக் காசிட்டனர் எனின், காண்பார் உளர் என்னும் நினைவே அவரை இயக்கிற்று. ஈண்டு ஒரு தடை எழும்: “இறைவன் எங்கும் இருந்து காண்கின்றான் என நீவிர் கூறுவதும் சுவரில் ஒட்டிய அக்கண் போன்றதன்றோ? அச்சத்தால் விளையும் அறம் அறமாமோ?” இத்தடை வலியது; எளிதில் தள்ளத் தக்கதன்று.

விடை வருமாறு. புறத்தே நின்று வேவு பார்ப்பானாக இறைவனைக் கொள்ளின் அத்தடை நிலைபெறும். சித்தாந்தம் அங்ஙனம் கொள்ளவில்லை. கண்ணுக்கு உயிர் காட்டியும் உடனின்று கண்டும் உதவுமாறுபோல, உயிர்க்கு இறைவன் அறிவித்தும் உடனின்று அறிந்தும் உதவுவன் என்பது சிவஞானபோதப் பதினொன்றாம் சூத்திரத்தின் கருத்து. அவன் காணுதல் குற்றம் பிடித்தற்பொருட்டன்று. உயிர் செவ்விதின் காணுதற்பொருட்டு. ஆதலின், உண்மையில் அவன் உடனிருப்பை உணர்ந்தான் ஒருவன் காசுப் பெட்டியின்முன் நிற்கும்போது தன்னைப் பார்ப்பார் உளரோ எனத் தேடான்; தன் முன்னே பால் வாங்கி வந்தவரையும், சென்ற திங்கள் தன் பங்கையும் சேர்த்து இட்டவரையும் காண்பான். படத்துக் கண் கையைத் தடுக்கும். மலர்ப் படம் வந்த வாரத்தே கை மீண்டும் பழைய வழியிற் செல்லும். அறிவு விளங்கப் பெற்றானுக்கு எப்படமும் வேண்டா.

எனினும், மலபரிபாகம் அனைவர்க்கும் ஒருங்கே வருவதன்று. அதுகாறும் கணக்குப் புத்தகம் இகழத் தக்கதன்று. அதனை யாவரும் காணுமாறு வைத்தலும், இடமாட்டாதவரை அவையில் சுட்டாது அவர் பங்கினைப் பிறர் ஏற்றலும், இட வல்லவராய் இருந்தும் இடாதவரைத் தனியே அழைத்து இன்சொல்லாற் கூறுதலும் தலைவராயினார் கடன். விடுப்பினின்றும் மீண்டான் ஒருவன், கேட்பார் இன்றியும், தான் பருகிய நாட்களுக்குரிய தொகையைத் தானே எழுதி இடுவானாயின், அப்பணியிடத்தில் அறம் வேரூன்றத் தொடங்கிற்று என்று கொள்ளலாம்.