எந்தப் பக்கம்?

மூத்தம்மா பாரிசவாதத்தில் விழுந்த வருடம் நான் மட்டக்களப்பில் தாதியர் படிப்பில் இருந்தேன். ஹொஸ்டலை விட்டுவிட்டு, கல்முனையிலிருந்தே போய்வரத் தொடங்கினேன். போக 40 கிலோமீற்றர் அளவில், வரவும் அவ்வளவு. ரயில் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. எங்கள் கரைக்கு பஸ்தான்.

சுபஹ் தொழுத கையோடு வெளிக்கிட வேண்டும். மருதமுனையைத் தாண்டும்போது ஒரு தறிச் சத்தமும் இருக்காது. களுவாஞ்சிகுடிக்குப் பிறகுதான் ஆட்களின் முகம் தெரியத் தொடங்கும். கல்லடிப் பாலத்தில் விடிந்திருக்கும். 1924இல் திறந்த பழைய பாலம் ஒடுக்கமானது; ஒரு பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை மறுபக்கம் காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் வாப்பா காலத்தில் வெளிக்கிடுவார்களாம். 2013இல் வந்த புதுப் பாலத்தால் எனக்கு அந்தக் கணக்கு மிச்சம்.

"பஸ்ஸில் இருந்து படிக்கலாமே" என்று சொல்லாதவர்கள் குறைவு. படித்தேன்தான். களுதாவளைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையில் மருந்தளவுக் கணக்குகள் போட்டிருக்கிறேன், தலை சுற்றாத நாட்களில். ஆனால் நேரத்தைப் பயன்படுத்துவது பற்றிய புத்திமதிகள் எல்லாம் பஸ்ஸுக்குள் இருப்பவளுக்கே. அவள் இல்லாத வீட்டில் அந்த நேரம் என்னவாகிறது என்று யாரும் கேட்கவில்லை.

படுக்கையில் கிடப்பவரை 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். ஒரே இடத்தில் பாரம் அழுந்தினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோலும் தசையும் சாகும். குதிகால், இடுப்பு, முதுகின் அடி என்று எலும்பு துருத்தும் இடங்களில் புண் வரும். பரீட்சையில் இதை எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். வீட்டிலிருந்து நான் விலகியிருந்ததோ காலை 5 மணியிலிருந்து பின்னேரம் 3 மணிவரை. அதற்குள் மூத்தம்மாவை 5 தடவை திருப்புவது யார்?

முழங்கால் வலிக்காரியான உம்மாதான். முதல் வாரம் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தார்.

"இழுக்காதீங்க உம்மா, உருட்டுங்க. அந்தப் பக்கத்து முழங்காலை மடிச்சி, தோளில ஒரு கை, இடுப்பில ஒரு கை வச்சி உங்கட பக்கம் உருட்டுங்க."

"படிக்கப் போறது நீ, சோதனை எழுதுறது நானா?" என்றார்.

மறுநாள் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கரித்துண்டால் வ, ம, இ என்று எழுதியிருந்தார்: வலது, மல்லாக்க, இடது. நேரமும் இருந்தது. வார்டில் நான் பார்த்த சில அட்டைகளை விட அது ஒழுங்கு.

வார்டில் காலை 7 மணிக்கு ஆள் மாறும். இரவு முழுக்க நின்ற மிஸ்ஸி, கட்டில் கட்டிலாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போவார். ஒரு நாள் மாற வேண்டியவர் சுணங்கிவிட்டார். வீங்கிய கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு மிஸ்ஸி நின்றார். தூரத்தில் இருந்து வருவது என் சொந்தப் பாடு என்று அதுவரை நினைத்திருந்தேன். நான் வரும்வரை என் இடத்தில் யாரோ நிற்கிறார் என்பது அன்றுதான் உறைத்தது.

அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களை, கிட்ட இருந்து பார்த்துக்கொள்ள வசதியாக, பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில் வைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். காயத்துக்கு மருந்து கட்டிய அந்தப் பெண்ணை முஸ்லிம்களின் முதல் தாதி என்று படித்தபோது பெருமையாக இருந்தது. பஸ்ஸில் நினைத்தால் கொஞ்சம் பொறாமையும் வரும். என் கூடாரம் பாலத்துக்கு அந்தப் பக்கம். மூத்தம்மா இந்தப் பக்கம்.

பின்னேரம் கடப்படியில் செருப்பைக் கழற்றுமுன் உம்மா சொல்லிவிடுவார்:

"ரெண்டு மணிக்கு இடது. தண்ணி ரெண்டு கோப்பை. குதிகால் கொஞ்சம் சிவந்திருக்கு, பாரு."

நான் கை கழுவப் போவேன். உம்மா அப்போதுதான் இருப்பார்.