ஐஞ்சட்டையும் ஒரு கடிகாரமும்

காலபோகத்து அறுவடை நடந்துகொண்டிருந்த மாசி மாதத்து மாலையொன்றில், கட்டுக்கரைக் குளத்து அணைக்கட்டில், சிவராத்திரிக்காகச் சுவிசிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் துவாயை விரித்து, தாம் சேகரித்தவற்றுள் இரண்டு கைக்கடிகாரங்களை அதன்மேல் வைத்து, "அத்தான், இதில எது திறம் எண்டு நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

ஒன்று செனித் நிறுவனத்தின் எல் பிரிமேரோ. 1969இல் பிறந்த அப்பொறி மணிக்கு 36,000 முறை துடித்து விநாடியைப் பத்தாகப் பகுப்பது. மற்றையது ஜெர்மனியிலே கிளாசூட்டே ஊரின் ஏ. லாங்கே உண்ட் ஸோனே 1999இல் வெளியிட்ட டேட்டோகிராஃப்; 18,000 துடிப்பே உடையது, விநாடியை ஐந்தாகவே பகுப்பது. எண்ணை மாத்திரம் நோக்குபவர் முன்னதையே தேர்வர். ஆயினும் பின்னதன் நிறுத்துகடிகாரப் பொறியைப் பொத்தானழுத்தி இயக்கியபோது, முதுகுக் கண்ணாடியூடே தூண்சக்கரம் ஒரு படி திரும்பி நெம்புகோல் விலகிப் பற்கள் கோத்துக்கொள்வதைக் கண்டு, முகப்பைத் திருப்பினால், நிமிடங்களை எண்ணும் சிறு முள் அறுபது விநாடியும் அசையாதிருந்து, கணப்பொழுதில் ஒரு கோடு தாவி மறுபடி உறைந்தது. அந்தப் பொறுமைக்காக அதுவே திறம் என்றேன்.

மற்றப் பொத்தானை அழுத்தினார். சிறு சுத்தியல் இதய வடிவத் தகட்டின்மேல் விழ, எங்கோ ஓடிக்கொண்டிருந்த முள் பூச்சியத்துக்கு மீண்டது. அடோல்ஃப் நிக்கோல் 1844இல் காப்புரிமை பெற்ற உபாயம் இது. கழிந்ததை அழித்து மீளத் தொடங்கவேண்டுமென்ற மனித ஏக்கத்துக்கு இதைவிட அழகிய உருவம் நான் கண்டதில்லை. ஆனால் மீண்டது அளவேயன்றிக் காலமன்று. நீரில் மிதந்து 24 நிமிடத்தில் மூழ்கும் நாழிகை வட்டிலை எடுத்து வெறுமையாக்கிய நம் முன்னோரும் வட்டிலைத்தான் வெறுமையாக்கினர்.

அப்படியாயின் இத்தகைய கருவிமேல் வைக்கும் ஆசை வீணோ? சைவ சித்தாந்தம் காலத்தை அசுத்த மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருள் என்கிறது. காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் ஐந்தும் ஆன்மா அணியும் பஞ்சகஞ்சுகம், அதாவது ஐஞ்சட்டை. அராகமாவது விருப்பத்தை எழுப்புவது. காலத்தை அளக்கும் கருவியொன்றை விரும்பி நிற்பவன் அந்த ஐந்தில் முதலதையும் ஈற்றதையும் ஒருங்கே அணிந்து நிற்கிறான். எனினும் இச்சட்டை ஆன்மாவை வருத்துவதற்கென்று தைக்கப்பட்டதன்று. ஆணவ இருளிலே விடியும்வரை மாயை விளக்காய் உதவும் என்பதும் சித்தாந்தமே. எவரும் காணாத உட்பகுதியின் விளிம்பையும் சாய்த்து மெருகிடும் கைவினைஞனின் சிரத்தையை, அதைக் கண்டு நெகிழும் நெஞ்சை, நான் பாவமென்று சொல்லத் துணியேன். விளக்கோடு விளக்கை ஒப்பிட்டே இரவைக் கழிப்பவன் அவற்றின் ஒளியில் எதைத்தான் பார்த்தான் என்பதே என் கவலை.

சிவராத்திரியன்று திருக்கேதீச்சரத்தில், பாலாவியில் நீர் மொண்டு மகாலிங்கத்துக்கு வார்க்கப் புறப்பட்ட மைத்துனர், கோயில் வழக்கப்படி மேற்சட்டையைக் களைந்தார். சற்றுத் தயங்கி, கடிகாரத்தையும் கழற்றி என்னிடம் தந்தார். அவர் குடத்தோடு சனத்திரளில் மறைந்து, நனைந்த வேட்டியோடு திரும்பி வரும்வரை அது என் உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது. கை நீட்டினார். கொடுக்கையில் என் விரல்கள் சற்றுத் தாமதித்தன.